பின்னணிச் சத்தம்

மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பியபோது மத்தியான வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது, சுகிர்தாவின் வலது காதில் அந்தக் கிழவரின் குரல் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்போதும் வலது காதுதான். பழைய ஹெட்செட்டின் இடது பக்கம் போன மழைக்காலத்திலேயே செத்துப்போய்விட்டதால், அதற்குப் பிறகு வந்த நோயாளிகள் எல்லோருமே அவளுடைய வலது காது வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் வயிற்றுவலியையும் மூட்டுவலியையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், இவர் மட்டும் போகவில்லை. பிள்ளை என்கிறார். குளிக்கும்போது, அரிசி களையும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடும்போது. பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார், அடுத்தது நீதான் பேசவேண்டும் என்பதுபோல. தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு ஒருவன் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு வந்தான். அவள் ஒரு கேமராக் கடையின் படிமேல் ஏறி நின்று வழிவிட்டாள். "என்னா மேடம் வேணும், சிசிடிவியா, லேப்டாப்பா, உள்ள வந்து பாருங்க" என்றது ஒரு குரல். ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகுதான் தான் வந்ததே வாங்குவதற்குத்தான் என்பது நினைவுக்கு வந்தது. வயர் இல்லாத ஹெட்செட். கம்ப்யூட்டரில் பேசுவதற்கு, வீடியோ காலுக்கு. ரொம்ப விலை வேண்டாம். இந்தச் சொற்களை வீட்டிலிருந்து கிளம்பும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். பெங்களூரிலிருந்து மைதிலி போனில் சொன்னது கூடவே ஓடியது. மைதிலி கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற பெண், தமிழ்ப் பெண்தான், மகள் வயசு இருக்கும், மரியாதையாகத்தான் பேசுவாள். "மேடம், உங்க கால்ல பின்னாடி சத்தம் நிறைய வருதுன்னு ஒரே கம்ப்ளெய்ண்ட். குக்கர் விசில், காய்கறிக்காரர், காக்கா, எல்லாம் கேக்குது. வயர் புடுங்கிக்கிட்டு லைன் கட் ஆன கதை வேற. நல்லதா வயர்லெஸ் ஒண்ணு வாங்கிட்டு எனக்கு டெஸ்ட் கால் போடுங்க. பாஸ் ஆனாத்தான் மறுபடி உங்களுக்குக் கால் திறந்துவிட முடியும்."

கால் திறப்பது என்றால் குழாய் திறப்பது மாதிரிதான். திறந்தால் வரும், மூடினால் நிற்கும். பள்ளிக்கூடம் மூடிய வருஷம்வரை அவள் அயனாவரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நோய்க் காலத்தில் பூட்டிய பள்ளி பூட்டியதுதான், கட்டடத்தில் இப்போது ஒரு கல்யாண மண்டபம் நடக்கிறது. அதன்பிறகு யாரோ சொல்லி இந்த வேலை வந்தது. இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், ஆங்கிலம் வராத தமிழர் ஒருவர் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவர்கள் ஒரு பொத்தானை அமுக்கினால் இங்கே அவளுடைய படுக்கையறை மூலையில் லேப்டாப் மணி அடிக்கும். டாக்டர் சொல்வதை இவள் தமிழில் சொல்ல வேண்டும், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல்லும்போது 'அவர் சொல்கிறார்' என்றெல்லாம் சொல்லக்கூடாது. நான் என்றே சொல்ல வேண்டும். அதுதான் முதல் விதி. நோயாளி நான் என்றால் இவளும் நான். எனக்கு நெஞ்சு அடைக்கிறது. எனக்கு மூன்று மாதமாகத் தள்ளிப்போயிருக்கிறது. என் காலை எடுக்காமல் இருக்க முடியாதா. தொடக்கத்தில் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. மத்தியானம் கர்ப்பிணியாக இருந்துவிட்டு சாயங்காலம் சர்க்கரை வியாதிக்காரராக மாறி, பிறகு எழுந்துபோய் கணவனுக்குத் தோசை வார்த்தாள். வேடிக்கை எப்போது நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் கணவன் தவசீலன் "உடம்பு எப்படி இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டபோது, எந்த உடம்பு என்று ஒரு கணம் யோசித்தாள். இரண்டாவது விதி, தனக்கென்று ஒன்றும் பேசக்கூடாது. நோயாளி உன்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் அதையும் டாக்டரிடம்தான் சொல்ல வேண்டும், நீ அங்கே இல்லை, நீ ஒரு கண்ணாடி. மூன்றாவது, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, வீட்டுக்காரரிடமும் கூட. நான்காவது விதியை அவள் இப்போது நினைக்க விரும்பவில்லை. ரிச்சி தெருவில் நின்றுகொண்டு எதற்கு அந்த நான்காவது விதி.

ஏசி போட்ட ஒரு பெரிய கடைக்குள் போனாள். சுவரெல்லாம் ஹெட்செட். அறுபட்ட தலைகளிலிருந்து கழற்றி மாட்டியதுபோல வரிசையாகத் தொங்கின. எதற்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது, இவை பிளாஸ்டிக், சீனாவிலிருந்து கப்பலில் வந்த பிளாஸ்டிக். டை கட்டிய விற்பனையாளன் விலையைச் சொல்லாமல் ஒன்றை எடுத்தான். "இதுல பக்கத்துல இடி விழுந்தாக்கூட கேக்காது மேடம். போட்டுப் பாருங்க." இல்லை, நான் கேட்டது என்று அவள் தொடங்குவதற்குள் இரண்டு மெத்தைகள் வந்து காதுகளை மூடின. ஒரு சின்ன 'டிங்'. பிறகு தெரு இல்லை, ஏசியின் உறுமல் இல்லை, எதிரில் அவனுடைய உதடுகள் அசைந்தன, மீன் தொட்டிக்குள் மீன் வாயசைப்பதுபோல. இப்படியொரு அமைதியை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை, வியாசர்பாடியில் ரயில்பாதைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த அமைதிக்குள் முதலில் தன் மூச்சு கேட்டது. பிறகு இன்னொரு மூச்சு. ஈரமான துணியை உதறுவதுபோல, இழுத்து, தங்கி, விட்டு, இழுத்து. அவருடைய மூச்சு. பிள்ளை, என்றார், இந்த முறை இரண்டு காதிலும். அவள் ஹெட்செட்டைப் பிடுங்கிய வேகத்தில் காதணி மாட்டிக்கொண்டு இழுத்தது, காது மடல் எரிந்தது. "என்னாச்சு மேடம்? விலை அதிகம்தான், ஆனா ஈஎம்ஐ இருக்கு" என்றான் விற்பனையாளன். வேண்டாம், இது ரொம்ப... என்று சொல்லத் தொடங்கி, ரொம்ப என்ன என்று தெரியாமல், வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள். ஹாரன்களும் கரும்புச்சாறு இயந்திரத்தின் சலங்கையும் அவள்மேல் வந்து விழுந்தன. அப்பாடா என்றிருந்தது.

போன் அடித்தது. தவசீலன்தான். "கெடைச்சுதா?" "பாத்துட்டிருக்கேன்." "இதுக்கு வெயில்ல அலையணுமா, போன்லயே ஆர்டர் போட்டா வீட்டுக்கு வந்துரும்ல?" "இன்னைக்கே வேணும். டெஸ்ட் பண்ணி வாங்கணும்." "என்னமோ மாதிரி பேசற. சாப்டியா?" என்றான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. விதி இருந்தது, ஆனால் விதி மட்டும் காரணமில்லை. சொன்னால் அவன் நல்லவன், ஆறுதல் சொல்வான், நீ என்ன பண்ணுவ, உன் வேலை சொல்றது மட்டும்தானே என்பான். அந்த ஆறுதல்தான் பயமாக இருந்தது. சொல்வது மட்டும்தான் அவள் வேலை. சொன்னாளா?

அதற்குள் கால்கள் நடக்கத் தொடங்கிவிட்டன, மனசு மறுபடி படுக்கையறை மூலைக்குப் போய்விட்டது. அன்றைக்கும் இதே மத்தியானம்தான், அங்கே காலை. மணி அடித்தது, எடுத்தாள், திரையில் முகம் வரவில்லை. யாரோ டேப்லெட்டைக் கட்டில்மேல் மல்லாத்தி வைத்திருந்தார்கள், ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரைதான் தெரிந்தது, ஒரு விளக்கு, அவ்வப்போது டாக்டருடைய தாடை. கடைசிவரை அவரை அவள் பார்க்கவில்லை. கூரைதான் பேசியது. "எனக்கு மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு, டொக்டர்." யாழ்ப்பாணத்துப் பேச்சு, மெல்லிய, தேய்ந்த குரல். டாக்டரை ஒவ்வொரு தடவையும் டொக்டர் என்று கூப்பிட்டுத்தான் பேசினார், பழைய ஆட்களின் மரியாதை. எனக்கு மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறது டாக்டர் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், அவருடைய மூச்சை அவள் விட்டாள். வீட்டில் யாரும் இருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். மனைவி போய்விட்டாள், மகன் வேறு நாட்டில் என்றார். என் மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லும்போது சுகிர்தாவின் கை தானாகத் தாலிச் சங்கிலிக்குப் போனது. நடுவில் ஒரு தடவை, "பிள்ளை, நீங்கள் எங்கையிருந்து கதைக்கிறியள்?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார், அவர்கள் ஊரில் மகள் வயசுப் பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சென்னைங்க ஐயா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விதி. டாக்டரிடம் சொன்னாள், எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்கிறார் என்று கூடச் சொல்லவில்லை, நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றே கேட்டாள். டாக்டர் சிரித்து, நான் இங்கேதான், உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்றார். அதைத் தமிழில் சொன்னாள். "ஓம், ஓம்" என்றார் கிழவர், ஆமாம் என்பதற்கு. கையில் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டதுபோல இருந்தது அந்த ஓம். பிறகுதான் டாக்டர் அதைக் கேட்டார். நிதானமாக, கனிவாகத்தான் கேட்டார். மூச்சு இன்னும் மோசமானால் தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரத்தில் போட வேண்டிவரும், உங்களுக்குச் சம்மதமா. அவள் சொன்னாள். கூரை ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த ரொம்ப நேரத்தில்தான் அவள் எழுந்தாளா, இல்லை, அதற்குப் பிறகா. பிறகுதான். முதலில் அவர் சொன்னார். "விடுங்கோ பிள்ளை. அது இருக்கட்டும்." லீவ் இட், இட்ஸ் ஆல்ரைட் என்று அவள் சொன்னாள். டாக்டரின் தாடை கூரைக்குக் குறுக்கே வந்து நின்றது. ஸோ, நோ டியூப்? என்றார். அதை அவள் தமிழாக்க வேண்டிய நேரத்தில்தான் நாற்காலியிலிருந்து எழுந்தாள், வயர் கழுத்தில் இழுபட்டது, லேப்டாப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது, அவள் மறுபடி சொருகுவதற்குள் கூரை போய்விட்டது. திரையில் நன்றி, உங்கள் அழைப்பு முடிந்தது என்று வந்தது. அழைப்பு வேறொரு மொழிபெயர்ப்பாளருக்குப் போயிருக்கும். போயிருக்குமா? டாக்டர் இன்னொரு தடவை பொத்தானை அமுக்கினாரா, அல்லது பதில்தான் கிடைத்துவிட்டதே என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தாரா? கண்ணாடிக்கு அதெல்லாம் சொல்லமாட்டார்கள். அவர் வேண்டாம் என்றார், நான் வேண்டாம் என்று சொன்னேன், அவ்வளவுதான் என்று தினமும் தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். ஒரு மனுஷன் சாவதற்குச் சம்மதம் சொன்ன வாயாகத் தன் வாய் இருந்துவிட்டது என்பதுதான் தன்னைப் போட்டு அரிக்கிறது என்று நினைத்திருந்தாள். ஆனால் அரிப்பது அந்த இடத்தில் இல்லை. வேறெங்கோ. பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டதுபோல நாக்கு அங்கேயே போய்ப் போய் வருகிறது, இடம் அகப்படவில்லை.

சந்துக்குள் ஒரு சின்னக் கடை. வாசலில் அகலமில்லாத கண்ணாடி மேஜை, அதற்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு சார்ஜரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்குமேல் பலகையில் கடைப்பெயர், அதற்குக் கீழே நவ்ஷாத் என்று சின்ன எழுத்தில். அவள் மனப்பாடமாக வைத்திருந்த வரிசையை ஒப்பித்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாட்டு கேக்கவா, பேசவா?" என்றார். "பேச. வேலைக்கு." "அப்ப காதுல போற சத்தம் முக்கியமில்ல மேடம், வாய்லருந்து போற சத்தம்தான் முக்கியம். அதை ஒருத்தரும் பாத்து வாங்க மாட்டாங்க. உக்காருங்க." ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். "இது குறைஞ்ச விலை. இது அதைவிடக் கொஞ்சம் கூட, ஆனா உங்க கைக்கு அடங்கும். லேப்டாப் கொண்டாந்திருக்கீங்களா? நல்லது. ரெண்டையும் போட்டுப் பேசி, ரெக்காட் பண்ணிக் கேளுங்க. நான் சொல்றதை நம்பாதீங்க, உங்க காதை நம்புங்க." உங்க காதை நம்புங்க என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அவர் நகம் அளவுக்கு ஒரு சில்லை லேப்டாப்பின் ஓரத்தில் சொருகினார், குறைஞ்ச விலை ஹெட்செட்டில் பச்சைப் புள்ளி ஒன்று இமைத்தது. மாட்டிக்கொண்டாள். லேசாக இருந்தது. கழுத்தில் வயர் இல்லாதது கழுத்தில் தலையே இல்லாததுபோல இருந்தது. "ரெக்காட் ஓடுது. பேசுங்க." "என்ன பேச?" "எது வேணா. ஹலோ, மைக் டெஸ்டிங்." ஹலோ என்றாள். மைக் என்று சொல்ல வாயெடுத்தாள். எவ்வளவோ பேருடைய வார்த்தைகளைப் பேசிப் பேசிப் பழகிய வாய், தனக்கென்று ஒரு வார்த்தை தேடி வெறுமையைத் துழாவியது. அவள் பெயரைச் சொல்லலாம், ஊரைச் சொல்லலாம், இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்லலாம். நவ்ஷாத் தலையசைத்து ஊக்கப்படுத்தினார். அவளுக்கே தெரியாமல் அது வந்தது, அவருடைய இழுப்போடு, அவருடைய தேய்வோடு. "விடுங்கோ பிள்ளை. அது இருக்கட்டும்." நவ்ஷாத் ஒரு மாதிரி பார்த்தார், பொத்தானை அமுக்கி, "இப்பக் கேளுங்க" என்றார்.

கேட்டாள். முதலில் தெரு வந்தது. ஹாரன், யாரோ யாரையோ "டேய் குமரேசா" என்று கூப்பிட்டது, ஷட்டர் இறங்கும் தகரச் சத்தம். தெருவுக்கு நடுவில் அவளுடைய குரல் தூரத்தில் சின்னதாக, விடுங்கோ பிள்ளை. அதற்குமேல், அவள் குரலைவிடப் பெரிதாக, தெளிவாக, கடைக்கு எதிரே மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காகம் ஒன்று கரைந்தது. அது இருக்கட்டும். கா. நவ்ஷாத் சிரித்தார். "பாத்தீங்களா, இதுல காக்காதான் பேசுது, நீங்க பேசலை." சுகிர்தா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். விடுங்கோ பிள்ளை. கா. அவளுடைய உள்ளங்கை கண்ணாடி மேஜைமேல் ஒட்டிக்கொண்டது.

காகம். அன்றைக்கும் காகம். மேல்மாடிக்காரர்கள் சோறு வைத்துப் பழக்கி, தினமும் அந்த நேரத்துக்கு அவள் ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் காகம். அவள் குழாயைப் பற்றிச் சொல்லி முடித்ததும் கூரை ரொம்ப நேரம் பேசாமல் இருந்தபோது, அது கரைந்தது. ஒரு தடவை இல்லை, நிறுத்தாமல். ஐயோ, கம்ப்ளெய்ண்ட் வரும் என்று அவள் கையை வீசினாள். ச்சூ என்றாள். மைக்கை மூடினாளா? மூடவில்லை. ச்சூ, போ என்றது அங்கே போயிருக்கிறது, ஜன்னலே திறக்காத ஓர் அறைக்கு, அந்த நாட்டுக் காகம் வேறு மாதிரிக் கத்துகிற ஊருக்கு. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். விடுங்கோ பிள்ளை. பிள்ளை. அந்த டாக்டரை அவர் ஒரு தடவைகூடப் பிள்ளை என்று கூப்பிடவில்லை. டொக்டர், டொக்டர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் டொக்டர். பிள்ளை என்று கூப்பிட்டது இரண்டே இடத்தில், எங்கையிருந்து கதைக்கிறியள் என்றபோது ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று ஏன் கேட்டார்? அப்போதும் அது கரைந்திருக்கிறது. அவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விரட்டாதே பிள்ளை, அது இருக்கட்டும். இவள் என்ன செய்தாள், ஆங்கிலத்தில் பிள்ளைக்கு என்ன சொல் இருக்கிறது, ஒன்றும் இல்லை, அதனால் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். லீவ் இட், இட்ஸ் ஆல்ரைட். யாருக்குச் சொன்னது என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. அது இல்லாமல் போனதும் வாக்கியம் திரும்பி டாக்டரைப் பார்த்து நின்றுகொண்டது. ஸோ, நோ டியூப்? அப்போது அவள் எழுந்தாள். எதற்கு எழுந்தாள்? ஜன்னலைச் சாத்த. காகத்தின் சத்தம் போகக்கூடாது என்று ஜன்னலைச் சாத்த எழுந்துதான் வயரைப் பிடுங்கினாள். இல்லை, இல்லை, அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம், அவர் குழாயைத்தான் சொல்லியிருக்கலாம், சாகிற மனுஷன் காக்காவைப் பற்றியா பேசுவான், களைத்துப்போய் எல்லாவற்றையும் சேர்த்து விடுங்கோ என்றிருக்கலாம். தெரியாது. இனி எப்போதும் தெரியாது. நான்காவது விதி இதற்காகத்தான் இருந்தது. ஒரு சொல் இரண்டு பக்கமும் போகுமானால் நீயாக முடிவு கட்டாதே, நிறுத்து, திருப்பிக் கேள். பயிற்சியில் அதைத்தான் அவள் எல்லோரையும்விட நன்றாகச் சொல்லிப் பாராட்டு வாங்கினாள். நார் மாட்டிய இடம் அகப்பட்டுவிட்டது. அகப்பட்டதும் வலி குறையும் என்று நினைத்திருந்தாள்.

"மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் நவ்ஷாத். தலையாட்டினாள், வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டாவது பெட்டியைத் திறந்தார். வாயோரம் வரைக்கும் நீளும் ஒரு மெல்லிய தண்டு, நுனியில் பஞ்சு. "இதைப் போட்டா உங்க பேச்சு மட்டும்தான் போவும். வேற எதையும் விடாது. யாருக்காவது கால் போட்டுப் பாருங்க, அவங்களே சொல்லுவாங்க." யாருக்கு? மைதிலிக்குத்தான். டெஸ்ட் கால் எப்படியும் போட வேண்டியதுதான். அவள் கைபேசியிலிருந்து லேப்டாப்புக்கு இணையம் கொடுத்தாள், விரல்கள் இரண்டு தடவை தப்பான இடத்தில் அமுக்கின. திரையில் மைதிலி வந்தாள், பின்னால் வெள்ளைச் சுவர், கழுத்தில் அடையாள அட்டை.

"மேடம்! வாங்கிட்டீங்களா? பேசுங்க, கேக்கறேன்."

"பேசறேன், மைதிலி."

"அடடா. சூப்பரா இருக்கு மேடம். ஒரு சத்தமும் இல்ல. எங்க உக்காந்திருக்கீங்க, சர்ச்லயா?"

"ரிச்சி ஸ்ட்ரீட்ல. கடை வாசல்ல."

"சும்மா சொல்லாதீங்க. கேமராவைத் திருப்புங்க." லேப்டாப்பைத் தெருவைப் பார்த்துச் சாய்வாகத் திருப்பினாள், திரை அவளுக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. ஆட்டோ ஒன்று மேஜையை உரசுகிற மாதிரி போனது. எதிரே கம்பியில் காகம் வாயைத் திறந்து திறந்து மூடியது. மைதிலி வாய்விட்டுச் சிரித்தாள். "நம்பவே முடியலை. பாஸ் மேடம். நாளைலருந்து கால் திறந்துவிட்டுடறேன்."

அவ்வளவுதான். எழுந்து காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாளை மணி அடிக்கும், யாரோ ஒருவருடைய இடுப்பு வலியாகலாம். தவசீலன் சாயங்காலம் வரும்போது பஜ்ஜி போட்டு வைக்கலாம்.

"மைதிலி, ஒரு விஷயம்."

"சொல்லுங்க மேடம்."

"வயர் பிடுங்கிக்கிட்டுக் கட் ஆன கால் இருக்குல்ல. அதுல நான் தப்பாச் சொல்லியிருக்கேன்."

"அதான் முடிஞ்சு போச்சே. அதை விடுங்க மேடம்."

விடுங்க. எவ்வளவு சாதாரணமான சொல். ஒரு நாளைக்கு எத்தனை பேர் எத்தனை பேரிடம் சொல்கிறார்கள். சுகிர்தா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "விட முடியலைம்மா" என்றாள். பிறகு சொன்னாள். கூரையை, குழாயை, காகத்தை, ச்சூ என்றதை, கீழே வைத்துவிட்டு வந்த அந்த ஒரு சொல்லை. சொல்லச் சொல்ல மைதிலியின் முகம் திரையில் அசையாமல் நின்றது, நெட் போய்விட்டதோ என்று நினைக்கும்படி. நவ்ஷாத் அந்தப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கினார்.

"மேடம்," என்றாள் மைதிலி, குரலைத் தாழ்த்தி. "இந்தக் கால் ரெக்கார்ட் ஆகலை. டெஸ்ட் லைன். நீங்க சொன்னதை நான் கேக்காத மாதிரி இருந்துடறேன். நான் எழுதினா என்ன ஆகும் தெரியுமா? விசாரணை வைப்பாங்க. அது முடியற வரைக்கும் உங்களுக்குக் கால் வராது. முடிஞ்ச பிறகும் வருமான்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும்."

"அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்க தகவல் அனுப்புவோம். அங்கருந்து ஒண்ணும் திரும்பி வராது. அவர் இருக்காரா இல்லையா, அடுத்த ஆள் வந்து மறுபடி கேட்டாங்களா, எதையும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஒருநாளும் சொல்ல மாட்டாங்க மேடம்."

"அதுவும் தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

எதற்கு. அங்கே யாரோ ஒருவர் அந்தத் தகவலைப் படிப்பார். ஒருவேளை கிழவர் இன்னும் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தால், படித்தவர் போய் இன்னொரு தடவை கேட்பார். ஒருவேளை இல்லையென்றால், அவர் சாகச் சம்மதித்தார் என்று எழுதியிருக்கும் இடத்தில், அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்று ஒரு வரி சேரும். தூரத்தில் இருக்கிற மகன் என்றைக்காவது அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். படித்து அவன் இன்னும் நொந்து போகலாம். அதையும் யோசித்தாள். யோசித்துவிட்டு, "அவர் பேசினது முழுசாப் போய்ச் சேரணும். அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டாங்க" என்றாள்.

மைதிலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம், கீபோர்டைப் பக்கத்தில் நகர்த்தும் சத்தம், இரண்டு காதிலும் துல்லியமாக வந்தன. "சரி. அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க. எழுதிக்கறேன்."

சுகிர்தா வாயைத் திறந்தாள். அப்போதுதான் அழுகை உடைந்தது. பல நாளாக எங்கே இருந்தது என்று தெரியாமல் இருந்தது, அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, மேஜையின் கண்ணாடி அதிர, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வந்தது. கேமரா இன்னும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நவ்ஷாத் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். வழியில் போன ஒரு பெண் நின்று, "என்னம்மா, யாராவது போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"மேடம்?" என்றாள் மைதிலி. "ஹலோ? லைன்ல இருக்கீங்களா? இங்க ஒண்ணுமே கேக்கலையே. மேடம்?"

வாயோரத்துப் பஞ்சு நனைந்திருந்தது. சுகிர்தா முந்தானையால் அதைத் துடைத்தாள், முகத்தைத் துடைத்தாள், தண்டை உதட்டுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இருக்கேன்" என்றாள்.